கவனம் இழந்தோரும் கவனிக்க மறந்தோரும்: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

செஞ்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அதன் கோட்டையே. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளை இணைத்து ஓடும் மதில்களை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இதனை முற்றுகையிட்டது. 1714இல் போரில் வீழ்ந்த தேசிங்கு ராஜனை நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் இன்றளவும் மறக்கவில்லை. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் இதன் உரிமையாளராயினர். 2025ஆம் ஆண்டில் மராத்தியப் போர்க்கோட்டைகளின் வரிசையில் இதுவும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

ஆயினும் இவ்வட்டாரத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. அரசர்களின் வெற்றி தோல்விகளைப் போல அது எழுதி வைக்கப்படவில்லை. மனம் கலங்கியவர்களையும், அவர்களை அழைத்துக்கொண்டு வழி தேடி நடந்த குடும்பங்களையும் பற்றிய வரலாறு அது. இன்று மனச்சிதைவு என்றும், முன்னர் மனப்பிளவு என்றும், மருத்துவ உலகில் ஸ்கிசோஃபிரீனியா என்றும் வழங்கப்படும் நோயை நம் மக்கள் எவ்வாறு கண்டனர், மருத்துவம் எவ்வாறு கண்டது, திருச்சபை எவ்வாறு காண வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயால் துன்புறுகிறார். எனவே நமது குருசேகரங்களில் ஒன்றேனும் இதற்குப் புறம்பாயிருக்க இயலாது.

1. மலையனூரும் அமாவாசை இரவும்

செஞ்சிக்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் மேல்மலையனூர் அமைந்துள்ளது. அங்குள்ள அங்காளபரமேசுவரி கோயில் வடதமிழகத்துக் கிராம மக்களிடையே பெரும் புகழ் பெற்றது. ஒவ்வோர் அமாவாசை இரவிலும் நடைபெறும் ஊஞ்சல் விழாவுக்குத் திரளான மக்கள் கூடுகின்றனர். மாசி மாதத்தில் மயானக்கொள்ளை நிகழ்கிறது. பேய் பிடித்தவர், ஏவலுக்கு ஆளானவர், சித்தம் கலங்கியவர் எனக் கருதப்படுவோரை உறவினர் இங்கு அழைத்து வருவது நெடுங்கால வழக்கம்.

இத்தலத்தின் புராணமே பித்தைப் பற்றியதுதான். பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த சிவபெருமானின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. அவர் பெற்ற உணவையெல்லாம் அது உண்டது. அவர் பித்தராய்ச் சுடுகாடுகளில் அலைந்தார். மலையனூரில் அம்மன் உணவைத் தரையில் இறைக்க, அதை உண்ணக் கபாலம் கையை விட்டு இறங்கியது. அவள் அதனைக் காலால் மிதித்து அடக்கினாள். அவர் விடுபட்டார். இவ்வாறு அக்கதை செல்கிறது.

நாம் இந்தப் புராணத்தை விசுவாசப் பொருளாகக் கொள்வதில்லை. ஆனால் அதனைச் சொல்லிவந்த மக்களின் அனுபவத்தை வரலாற்று மாணவர் அலட்சியம் செய்தலாகாது. பித்துற்றவர் தம் முயற்சியால் மீளக் கூடும் என்று இக்கதை எதிர்பார்க்கவில்லை. கையில் ஒட்டியது கையை உதறினால் விழாது. வேறொருவர் அருகில் வந்து அதனை அகற்ற வேண்டியிருந்தது. இந்த உண்மையை நாம் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

2. பேயும் பித்தும்

நம் முன்னோர் மனநோய் அனைத்தையும் பேய் என்றே எண்ணினர் என்பது பரவலான கருத்து. அது முழு உண்மையன்று. ‘பித்து’ என்னும் சொல்லே உடலின் மூன்று நாடிகளுள் ஒன்றான பித்தத்தோடு தொடர்புடையது. சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை எனப் பெயரிட்டுப் பதினெட்டு வகையாகப் பகுத்து, மூலிகையாலும் எண்ணெயாலும் சிகிச்சை கூறுகிறது. ஆக, ஒரே ஊரில் ஒரே நோயாளிக்குப் பூசாரியும் வைத்தியரும் அழைக்கப்பட்டனர். மக்கள் இரண்டையும் முரணாகக் கருதவில்லை.

தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றில், கிராம தேவதைகளின் வரிசையில் அங்காளம்மனையும் குறிப்பிட்டுள்ளார். அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. தாம் மறுத்த சமயத்தையும் கேட்டு அறிந்து எழுத வேண்டும் என்ற அவரது பொறுமை, நம் இறையியல் மரபின் தொடக்கத்திலேயே அமைந்த நற்பண்பாகும்.

அதே பொறுமையோடு பிற்காலத்தில் இப்பகுதியில் தங்கி ஆராய்ந்தவர் மானிடவியலாளர் இசபெல் நபோகோவ். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல், தென்னார்க்காட்டுப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளைப் பற்றி நுணுக்கமாகப் பேசுகிறது. பேய் பிடித்ததாக அழைத்து வரப்படுவோரில் இளம் மணப்பெண்கள் மிகுதி என்பதையும், அச்சடங்கு அவர்களைக் கணவன் வீட்டு வாழ்வுக்குத் திருப்பி அனுப்பும் கருவியாகச் செயல்படுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். இதனால் நாம் அறிவது ஒன்று. ‘பேய்’ என்ற ஒரே சொல்லின் கீழ் பலவகைத் துன்பங்கள் ஒளிந்துள்ளன. சொல்ல இயலாத குடும்பத் துயரம் ஒருவகை, வலிப்பு நோய் மற்றொருவகை, மனச்சிதைவு வேறொருவகை. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரிட்டு ஒரே பரிகாரம் செய்வது எந்தச் சமயத்தவர் செய்தாலும் ஆபத்தே.

திருமறையும் இவ்வேறுபாட்டை அறியும். மத்தேயு 4:24இல் ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும்போது, சுவிசேஷகர் பிசாசின் பிடியில் இருந்தவர்களைத் தனியாகவும், நம் பழைய மொழிபெயர்ப்பு ‘சந்திரரோகிகள்’ என்று அழைப்பவர்களைத் தனியாகவும் குறிக்கிறார். சந்திரரோகி என்பது நிலவினால் தாக்குண்டவர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் நேர் ஆக்கம். மத்தேயு 17இல் வரும் சிறுவனின் அடையாளங்கள் வலிப்பு நோயைக் காட்டுகின்றன. பாலஸ்தீன மக்களும் மலையனூர் மக்களும் மனத்தின் கலக்கத்தை நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு இணைத்தனர். ஆனால் ஆண்டவரைப் பின்பற்றியவர்கள் எல்லா நோயையும் ஒரே பட்டியலில் அடைக்கவில்லை.

3. மருத்துவமனை வந்த வழி

1794இல் அறுவை மருத்துவர் வாலன்டைன் கனாலி சென்னையில் மனநோயாளர்க்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்கப் பைத்தியக்கார விடுதி திறக்கப்பட்டது. அதுவே இன்று அரசு மனநலக் காப்பகமாக விளங்குகிறது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரை ‘பித்தர்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே அழைத்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அச்சொல்லை நீக்கியது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரின் உரிமைகளை வரையறுத்து, அவர்களைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்தது.

1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்ட அவர், ஓய்வு பெற்றபின் 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். ‘ஸ்கார்ஃப்’ என்னும் பெயரால் அது அறியப்படுகிறது. 2021இல் அவர் மறைந்தார். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் நோயின் தொடக்க நிலையிலிருந்த 90 பேரைத் தெரிந்துகொண்டு, அவர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. சிகிச்சையோடும் குடும்பத்தோடும் வாழ்ந்த பலர் வேலை செய்யும் நிலைக்குத் திரும்பினர் என்பதை அது காட்டிற்று. மனச்சிதைவு என்றால் வாழ்வு முடிந்தது என்ற எண்ணம் இதனால் தகர்ந்தது.

இவ்வரலாற்றில் செஞ்சிக்கு அண்மையிலுள்ள திண்டிவனத்திற்கும் ஒரு பங்குண்டு. 1853இல் ஸ்கடர் குடும்பத்தார் நிறுவிய ஆற்காடு மிஷனின் நிலையங்களுள் திண்டிவனமும் ஒன்று. பிரசவத்தில் துன்புற்ற மூன்று பெண்களுக்குப் பெண் மருத்துவர் இல்லாமல் அவர்கள் இறந்த செய்தியை ஐடா ஸ்கடர் கேட்டது அங்கேதான். அந்த இரவின் பயனாய் எழுந்ததே வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனை. அதன் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் முயற்சியால் உருவாயிற்று. நோயாளியைப் பூட்டி வைத்துவிட்டு உறவினரை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை அது ஏற்கவில்லை. உறவினர் உடன் தங்கி, சமைத்து, பேசி, மருத்துவரோடு கற்றுக்கொள்ள வேண்டும் என்ற முறையை அது தன் அடிப்படையாகக் கொண்டது. பஞ்சாபில் அமிர்தசரஸ் நகரிலும் அதே காலத்தில் டாக்டர் வித்யாசாகர் குடும்பங்களைக் கூடாரங்களில் தங்கவைத்தார். மலையனூருக்குக் குடும்பமே சேர்ந்து வருகிறது. பாகாயத்திலும் குடும்பமே சேர்ந்து தங்கியது. தமிழ் மக்களின் இயல்பான நல்வழக்கம் ஒன்றை மருத்துவம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

4. கவனத்தைப் பற்றிய ஆய்வு

இனி நோயின் உள்ளியல்பைக் காண்போம். மனச்சிதைவு என்றவுடன் நாம் காதில் கேட்கும் குரல்களையும் வீண் சந்தேகங்களையும் நினைக்கிறோம். இவற்றுக்கு அடியில் அமைதியாக இருந்து, பெரும்பாலும் இவற்றுக்கு முன்பே தோன்றி, இவை தணிந்த பின்னும் தங்கிவிடும் குறை ஒன்றுண்டு. அதுவே கவனக் குறைபாடு.

இதனை முதலில் கூர்ந்து எழுதியவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேபெலின். 1890களில் அவர் இந்நோயை வகைப்படுத்தியபோது, நோயாளர் தம் கவனத்தை விருப்பப்படி ஒன்றின்மேல் நிலைநிறுத்தும் ஆற்றலை இழப்பதைச் சுட்டினார். நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டிய சுவிஸ் மருத்துவர் ஒய்கன் புளூலர், 1911இல் வெளியிட்ட நூலில் வேறொன்றையும் சேர்த்தார். எதிலும் அக்கறையற்றவர்போல் அமர்ந்திருக்கும் நோயாளி, சுற்றிலும் நடப்பதையெல்லாம் உள்வாங்கிக்கொண்டிருக்கக் கூடும். புறத்தே கல்லாகத் தோன்றுபவர் அகத்தே வெறுமையாய் இருப்பதில்லை என்பதே அதன் பொருள்.

1924இல் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். ஈ.ஈ.ஜி. என இன்று நாம் அறிவது இதுவே. கண்மூடி ஓய்ந்திருப்பவரின் மூளையில் ஒழுங்காக எழும் அலை, அவர் கண் திறந்தாலோ மனக்கணக்குப் போடத் தொடங்கினாலோ மாறிவிடுவதை அவர் கண்டார். கவனம் என்பது சொல்லளவில் மட்டுமல்லாது, உடலில் அளக்கத்தக்க ஒரு செயல் என்பது அன்று வெளிப்பட்டது.

1956இல் ஓர் எளிய சோதனை அமைக்கப்பட்டது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். மனச்சிதைவு உள்ளோர் பலர் இதில் தவறுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1961இல் ஸ்காட்லாந்தில் மெக்கீ, சாப்மன் என்னும் இருவர் நோய் தொடங்கியவர்களிடமே அவர்கள் அனுபவத்தைக் கேட்டு எழுதினர். எல்லா ஓசைகளும் சம வலிமையோடு உட்புகுவதாகவும், எதைத் தள்ளி எதைக் கொள்வது என்று அறியாமல் தாம் திணறுவதாகவும் அவர்கள் கூறினர்.

பின்னர் மின்னலை ஆய்வு இதற்குச் சான்றளித்தது. அரை வினாடி இடைவெளியில் இரு சிறு ஓசைகளைக் கேட்கச் செய்தால், நலமுள்ளவரின் மூளை இரண்டாம் ஓசைக்குக் குறைவாகவே எதிர்வினை செய்யும். ஏற்கெனவே கேட்டது என்று அதனை அடக்கிவிடும். மனச்சிதைவு உள்ளோரில் இந்த அடக்கம் குறைவு என்பதை 1982இல் அமெரிக்காவில் ஆட்லர், ஃபிரீட்மன் முதலியோர் எடுத்துக்காட்டினர். இதற்கு மறுதலையாக, அரிதாக வரும் முக்கியமான ஓசையை அறிந்துகொள்ளும்போது ஏறத்தாழ 300 மில்லி வினாடியில் எழ வேண்டிய அலை இவர்களில் சிறுத்திருப்பதை 1972இலேயே கண்டிருந்தனர். ஒதுக்க வேண்டியதை மூளை ஒதுக்கவில்லை. ஏற்க வேண்டியதை முழுமையாக ஏற்கவுமில்லை.

செஞ்சிக் கோட்டையைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். இராஜகிரியின் உச்சிக்கு ஏறுவோர் பல வாயில்களைக் கடந்து, முடிவில் ஆழமான பாறைப் பிளவு ஒன்றைப் பாலத்தின் வழியே கடக்க வேண்டும். கோட்டையின் காவல் மதிலின் உயரத்தில் மட்டும் இல்லை. நண்பனுக்கு வழிவிட்டு அந்நியனை நிறுத்தும் வாயிற்காவலும் வேண்டும். அந்தக் காவலே தளர்ந்துவிட்டால் உள்ளிருப்போர் இரவும் பகலும் உறங்க இயலாது. மனச்சிதைவு உள்ளவரின் சோர்வு இத்தகையது.

1974இல் சுவீடனில் இங்வார், ஃபிரான்சென் ஆகியோர் நாட்பட்ட நோயாளரின் மூளை முன்பகுதியில் இரத்த ஓட்டம் ஒப்பளவில் குறைந்திருப்பதைக் கண்டனர். திட்டமிடுவதற்கும் கவனத்தை நெறிப்படுத்துவதற்கும் அப்பகுதி இன்றியமையாதது. 1993இல் இலண்டனில் மக்குவைரும் அவருடைய குழுவினரும், நோயாளி குரல் கேட்கும் வேளையில் பேச்சுக்குரிய மூளைப்பகுதி செயற்படுவதைப் படம் பிடித்தனர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அக்குரல் உண்மையாகவே எழுகிறது. தம் மூளையில் தோன்றியது என்று அவரால் அடையாளம் காண இயலவில்லை.

இவ்வாய்வுகளுக்கு எல்லையும் உண்டு. இவை பலரைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட சராசரி வேறுபாடுகள். ஒருவரின் மின்னலையை மட்டும் பார்த்து அவருக்கு மனச்சிதைவு உண்டு என்றோ இல்லை என்றோ எவரும் முடிவு கூற இயலாது. 1952இல் பாரிஸ் நகரில் பயன்படுத்தப்பட்ட குளோர்புரோமசின் முதல் இன்றுள்ள மருந்துகள்வரை, குரல்களையும் சந்தேகங்களையும் பெரிதும் தணிக்கின்றன. ஆனால் கவனக் குறையை அவ்வளவாகத் தீர்ப்பதில்லை. அதற்கு நீண்ட பயிற்சியும் பொறுமையான சூழலும் வேண்டும். ‘மருந்து சாப்பிடுகிறான், பிறகு ஏன் ஒரு வேலையில் நிலைத்திருக்கவில்லை?’ என்று கேட்கும் தகப்பனுக்கு ஆயர் விளக்க வேண்டிய செய்தி இது.

5. அறிவு மட்டும் காப்பாற்றுமா?

பேய் என்ற விளக்கத்தை விட்டு மூளை நோய் என்ற விளக்கத்திற்கு வந்துவிட்டால் நோயாளி பாதுகாப்பாக இருப்பார் என்று எண்ணிவிடலாகாது. 1933இல் ஜெர்மனியில் இயற்றப்பட்ட சட்டம் மனச்சிதைவு உள்ளோர் முதலானவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வழி வகுத்தது. அதனை நடைமுறைப்படுத்திய மரபு நல நீதிமன்றங்களில் ஒன்றான யேனா மேல்முறையீட்டு மன்றத்தில் பணியாற்றியவர்களுள், மூளை மின்னலையைக் கண்டறிந்த பெர்கரும் ஒருவர். தொடர்ந்து 1940, 1941ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 நோயாளர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். மூளையின் கவன அலையை முதலில் கண்ட கண்கள், அதனை உடைய மனிதரைக் காணத் தவறின.

அந்நாளில் பலர் வாய்மூடி இருந்தனர். ஆனால் 1940 ஜூலையில் வூர்ட்டம்பெர்க் லூத்தரன் பேராயர் தியோஃபில் வூர்ம் உள்துறை அமைச்சருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். லோபெட்டால் இல்லத்தின் போதகர் பவுல் பிரவுனே சான்றுகளைத் திரட்டி விண்ணப்பம் அளித்தார். அதன்பின் அவர் சிறைப்பட்டார். 1941 ஆகஸ்டில் கத்தோலிக்கப் பேராயர் கலேன் பிரசங்க பீடத்திலிருந்தே இக்கொலைகளை வெளிப்படுத்தினார்.

நம் நாட்டிலும் ஓர் ஆகஸ்ட் மாதம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. தர்காவின் அருளை நாடி வந்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்களுள் 28 பேர் ஓட இயலாமல் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக ஏற்றது. ஒரு சமயத்தாரைக் குறைகூற இந்நிகழ்ச்சியை நாம் பயன்படுத்துவது நீதியாகாது. எந்தச் சமயத்தின் பெயரால் அமைந்த இல்லமானாலும், வாயில் பூட்டப்பட்டு, மருத்துவர் வராமல், கேள்வி கேட்பார் இன்றி இருந்தால் அங்கே ஏர்வாடி மீண்டும் நிகழலாம். நம்மவர் நடத்தும் ஜெப வீடுகளையும் இந்த வெளிச்சத்தில் நாம் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மறுபக்கமும் கூறத்தக்கது. தமிழகத்துக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, ஆதரவும் அமைதியும் நிறைந்த அச்சூழலில் சில வாரங்கள் தங்கியதால் அவர்தம் நோய்க்குறிகள் ஓரளவு தணிந்தன என்று கூறிற்று. அங்கே அடியோ கட்டோ இல்லை. எளிய வேலையும் ஒழுங்கான நாளும் குடும்பத்தின் உடனிருப்பும் இருந்தன. மருந்துக்கு அது மாற்றாகாது. ஆயினும் அமைதியான, வரவேற்கும் இடம் என்பதற்கே ஒரு குணமாக்கும் பங்கு உண்டு. ஆலய வளாகத்தைத் தன்வசம் வைத்திருக்கும் திருச்சபைக்கு இது சிந்திக்க வேண்டிய செய்தி.

6. இறையியல் நோக்கு

மாற்கு 5ஆம் அதிகாரத்தின் மனிதனை நாம் பேயோட்டுதலுக்கு எடுத்துக்காட்டாகவே பெரிதும் பிரசங்கித்து வந்துள்ளோம். அவ்வரலாற்றில் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். ஊரார் அவனைப் பலமுறை சங்கிலியால் கட்டியிருந்தனர், அது பயன்படவில்லை. அவன் கல்லறைகளிடையே வாழ்ந்தான். ஆண்டவர் அவனிடம் பெயரைக் கேட்டார். முடிவில் அவன் ஆடை உடுத்தி, தெளிந்த புத்தியோடு அமர்ந்திருந்தான். ஊராரின் கவனமோ இழந்த பன்றிகளின்மேல் சென்றது. ஆண்டவர் அவனைத் தம்மோடு அழைத்துக்கொள்ளாமல் அவனுடைய வீட்டாரிடம் அனுப்பினார். குணமாகுதல் என்பது இல்லம் திரும்புதலில் நிறைவுற்றது.

நீதிமொழிகள் 25:28 தன்னை அடக்காத மனிதனை மதில் இடிந்த நகரத்திற்கு ஒப்பிடுகிறது. இவ்வசனத்தை மனநோயாளரை நோக்கி எறிவோர் உண்டு. அது தன்னடக்கம் கைகூடியும் அதை நாடாதவரைக் குறித்த ஞான போதனை. வாயிற்காவல் நோயினால் தளர்ந்தவரைக் குற்றவாளியாக்க அதனைப் பயன்படுத்துவது வசனத்தைத் திரிப்பதாகும். கெத்செமனேயில் சீஷர்களால் ஒரு மணி நேரம் விழித்திருக்க இயலவில்லை. ஆண்டவர் அவர்களை எச்சரித்தார். எனினும் ஆவியின் விருப்பத்தை மறுக்காமல், மாம்சத்தின் பலவீனத்தையே காரணமாகச் சுட்டினார் (மாற்கு 14:38). நலமுள்ளவர்களின் சோர்வுக்கே அவர் இவ்வளவு இரங்கினாரெனில், ஜெபத்தில் ஒரு நிமிடமும் மனம் நிலைக்காமல் அழும் நோயாளியை அவிசுவாசி என்று தீர்க்க நாம் யார்?

இதனினும் நுண்ணிய கேள்வி ஒன்று திருவிருந்தில் எழுகிறது. தன்னைத்தான் சோதித்தறிய வேண்டும் என்ற பவுலின் கட்டளையைக் காட்டி, சித்தத் தெளிவு குறைந்தவரைப் பந்திக்கு அழைக்கத் தயங்கும் சபைகள் உண்டு. 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை முழுமையாக வாசிப்போர், பவுல் கண்டித்தது யாரை என்பதைக் காண்பர். முந்தி உண்டு, வறியவரை வெட்கப்படுத்திய வசதியுள்ளோரையே அவர் கண்டித்தார். சரீரத்தைப் பகுத்தறியாதவர் அவர்களே. அடுத்த அதிகாரத்திலேயே பலவீனமாய்க் காணப்படும் அவயவங்கள் மிகவும் தேவையானவை என்று அவர் எழுதுகிறார். எனவே கொரிந்துவின் குற்றம், கவனிக்க இயலாதவரின் குற்றமன்று. கவனிக்கக் கூடியவராயிருந்தும் அருகிலிருந்த சகோதரனைக் கவனியாதவரின் குற்றம். நம் சபைகளில் கவனக் குறைபாடு யாரிடம் உள்ளது என்ற கேள்வியை இப்பகுதி நம்மை நோக்கியே திருப்புகிறது.

மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தனர். சுமந்தவர்களின் விசுவாசத்தை ஆண்டவர் கண்டார். ஒருவரால் ஜெபிக்க இயலாதபோது சபை அவருக்காக ஜெபிக்கும். அவர் மனம் வசனத்தில் நிற்காதபோது சபை அவருக்காக அதனைப் பிடித்துக்கொள்ளும். கிறிஸ்துவின் சரீரம் என்பதன் பொருள் இதுவே.

7. ஊழியத்திற்குச் சில குறிப்புகள்

முதலாவது, ஜெபத்தைக் காரணம் காட்டி எவரும் மருந்தை நிறுத்தச் சொல்லலாகாது. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். யாக்கோபு 5:14 எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. கையும் ஜெபமும் சேர்ந்தே செல்கின்றன.

இரண்டாவது, நீண்ட உபவாசமும் முழு இரவு ஜெபமும் இந்நோயாளிக்கு ஏற்றவையல்ல. உறக்கமின்மை நோயைக் கிளறிவிடும். வீட்டுச் சந்திப்பில் ஒருவர் மட்டும் பேசுவது, வாக்கியங்களைச் சுருக்குவது, தொலைக்காட்சியை அணைக்கச் சொல்வது, ஒரு வசனமும் ஒரு சிறு ஜெபமும் போதும் என அமைவது ஆகியவை கவனம் தளர்ந்தவர்க்குப் பேருதவியாகும். ஒலிபெருக்கியின் அருகே அவரை அமர்த்தாதிருப்பதும், ஆராதனையின் நடுவில் அவர் வெளியே சென்று திரும்புவதைக் கடிந்துகொள்ளாதிருப்பதும் அன்பின் செயல்களே.

மூன்றாவது, கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்ற வார்த்தையை ஆயர் ஒருபோதும் உரைக்கலாகாது. நோயை மறைத்து நடத்தப்படும் திருமணத்தில் இரு குடும்பங்கள் அழிகின்றன.

நான்காவது, சிகிச்சைக்கு வழிகாட்ட ஆயர் அறிந்திருக்க வேண்டும். செஞ்சிப் பகுதியினர்க்கு முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டமும் செயல்படுகிறது. 14416 என்ற எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசி ஆலோசனையைக் கட்டணமின்றிப் பெறலாம்.

ஐந்தாவது, நோயாளியை நீண்ட காலம் தாங்கும் தாயையும் மனைவியையும் சபை தாங்க வேண்டும். மாதம் ஒருநாள் அவர்களுக்கு ஓய்வு கிடைக்க ஐக்கியச் சங்கத்தார் முறைவைத்து உடனிருந்தால், அது எத்தனையோ பிரசங்கங்களினும் மேலானது.

அமாவாசை இரவில் செஞ்சி வழியே மலையனூர் செல்லும் பேருந்துகளில் மனம் கலங்கிய மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் இன்றும் அமர்ந்திருக்கிறாள். அவளுக்குத் தன் மகள்மேல் உள்ள கவனம் சிறிதும் குறையவில்லை. அவள் தட்டும் கதவுகளில் நம் குருமனையின் கதவும் ஒன்றாக இருக்கக் கூடும். அப்போது அவள் அங்கே காண வேண்டியது தீர்ப்பையன்று. பெயரைக் கேட்டு, அமரச் செய்து, மருத்துவரிடம் உடன்வந்து, மீண்டும் வீட்டுக்கு வழிகாட்டும் ஓர் ஊழியரையே. அத்தகைய ஊழியரை உருவாக்குவது இறையியல் கல்வியின் கடமையாகும்.